வெள்ளிக்கிழமைகளில் இறக்கிவிட்ட கண்ணாடி

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரை மணிக்கு எங்கள் வாசலில் இருந்தவர்கள் நாலு பேர். பிளாஸ்டிக் நாற்காலியில் என் வீட்டுக்காரர், மடியில் போர்வையும் ஆஸ்பத்திரிக் காகிதப் பையும். படியில் தங்கவேல் அண்ணன், தேங்காய்க் களத்தில் எடை போட்டுக்கொண்டிருந்தவர். சுவரில் சாய்ந்து ஜோதி. இருபத்தாறு வயது, கோபாலபுரம் செக்போஸ்ட் பக்கத்தில் செல்போன் கடையில் வேலை. இவர்கள் மூவருக்கும் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் பொள்ளாச்சிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வர வேண்டும். நாலாவது ஆள் நான், கையில் வண்டி நோட்டோடு.

ஐந்தாவதாக வர வேண்டியவர் எங்கள் ருக்குமணி அக்கா. வண்டி ஓட்டுபவர் அவர்தான்.

"நாம ஒரு நிமிஷம் தாமசிச்சா ஆரன் அடிச்சே தெருவ எழுப்பிருவாங்க. இன்னிக்கு அவுங்க தூங்கிட்டாங்களாட்ட இருக்குது. வரட்டும், நான் ஆரன் அடிக்கறேன்" என்றாள் ஜோதி. எல்லோரும் சிரித்தோம். 

ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும். அக்காவின் வீட்டுக்காரர், என் வீட்டுக்காரருக்கு அண்ணன், எனக்கு மச்சாண்டார், பின்பக்கத் தோப்பு வழியாக வந்தார். கண் பார்வை மங்கியவர். கைத்தடி இல்லை, காலில் செருப்பும் இல்லை. "அம்மிணி, உங்கக்கா வண்டிக்கிட்ட உக்காந்தவ எந்திரிக்க மாட்டேங்கறா. நான் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்துட்டேன்" என்றார்.

ஓடினோம். வெள்ளை வண்டியின் முன் சக்கரத்தில் முதுகைச் சாய்த்து அக்கா உட்கார்ந்திருந்தார். கையில் கண்ணாடி துடைக்கிற மஞ்சள் துணி. வண்டியின் கதவு திறந்தே இருந்தது. உடம்பு இன்னும் சூடாக இருந்தது. உயிர் இல்லை. நெஞ்சடைப்பு என்று டாக்டர் பிறகு சொன்னார்.

அடுத்து நடந்ததைச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை, எழுதத்தான் வருகிறது. அக்காவை வாசல் கட்டிலில் கிடத்தினார்கள். அழுகைக்கு நடுவில் மூன்று நோயாளிகளும் அங்கேயே நின்றார்கள். போக வேண்டும் என்று எப்படிச் சொல்வது? ஒரு நாள் தவறினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். மச்சாண்டார்தான் பேசினார்.

"ஏனுங்க தங்கவேலு, ஏன் நிக்கறீங்க? தம்பிய ஏத்துங்க. வண்டி இங்கயேதான இருக்குது? இந்நேரம் அவ செக்போஸ்ட்டத் தாண்டியிருப்பா. நீங்க போகலீன்னா அவ என்னையத்தான் வைவா."

பக்கத்துத் தேங்காய் நார் மில்லில் டெம்போ ஓட்டும் செந்தில் சாவியை எடுத்தான். கூட ஒரு ஆள் போக வேண்டும் என்பதால் நானும் ஏறினேன். டயாலிசிஸ் நடந்த நாலு மணி நேரமும் என் வீட்டுக்காரர் கண்ணைத் துண்டால் மூடிக்கொண்டே கிடந்தார். நாங்கள் திரும்பியபோது மணி இரண்டு. அக்காவைக் குளிப்பாட்டிப் புடவை கட்டி வைத்திருந்தார்கள். ஓரகத்தி நான் செய்ய வேண்டியதை வேறு கைகள் செய்து முடித்திருந்தன. அந்தக் குறை எனக்குச் சாகிற வரைக்கும் தீராது.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. மற்றதெல்லாம் பஸ் போர்டையும் மருந்துச் சீட்டையும் பார்த்து நானாகப் பழகியது. கோயில் மாதத் தாளில் அக்காவைப் பற்றி எழுதித் தரும்படி கமிட்டிக்காரர்கள் கேட்டபோது, வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னேன். பிறகு ஒரு காரணத்துக்காக ஒத்துக்கொண்டேன். அந்தக் காரணம் கடைசியில் தெரியும்.

நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அக்கா நார் மில்லுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். சாயந்தரம் வரும்போது புருவம், கண்ணிமை எல்லாம் மஞ்சள் தூசி. புதுப்பெண்ணாக நான் பயந்து பயந்து தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "பயப்படாத அம்மிணி, உள்ளுக்குள்ள மனுசிதான் இருக்கறேன்" என்றார். நாங்கள் தனித்தனி அடுப்பு; பின்பக்க மதில் ஒன்றுதான், வாசல்கள் வேறு வேறு தெருவில். சண்டை போட்டிருக்கிறோம், மாதக்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறோம். ஆனால் ஒரு வீட்டில் குழம்பு வைத்தால் இன்னொரு வீட்டுக்குக் கிண்ணம் போகாத நாள் கிடையாது. பேசாத நாட்களில் கிண்ணத்தை மதில் மேல் வைத்துவிட்டு, இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போவோம்.

என் வீட்டுக்காரருக்கு உடம்பு இப்படி ஆனபோது முதல் ஆறு மாதம் பஸ்ஸில்தான் போனோம். போகும்போது சமாளித்துவிடுவார். வரும்போது நிற்க முடியாது. ஒருநாள் பஸ்ஸுக்குள்ளேயே மயங்கிவிட்டார். அன்று சாயந்தரம் அக்கா வந்து மச்சாண்டாரிடம் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "உங்குளுக்குக் கண்ணு போனதுல இருந்து அந்த வண்டி கோழி முட்டை வெக்கறதுக்குத்தான் ஆகுது. நான் ஓட்டிப் பழகறேன்."

அப்போது அக்காவுக்கு வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. ஊரே சிரித்தது. எங்கள் ஊர் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம், கேரளாவில். லைசென்ஸ் டெஸ்டுக்கு நானும் கூடப் போனேன். அங்கிருந்த ஆபீசர் மலையாளத்தில், "சேச்சி, இந்த வயசில் வண்டி ஓட்டி எங்கே போகணும்?" என்று கேட்டார். அக்கா தனக்குத் தெரிந்த மலையாளத்தில், "ஆசுபத்திரிக்கு சாரே. ஓட்டத் தெரிஞ்ச ஆளுகளுக்கு நேரமில்லா, அதான் நேரமிருக்கற நான் ஓட்டப் படிக்கறேன்" என்றார். முதல் தடவை தவறியது. இரண்டாம் தடவை கிடைத்தது.

முதலில் என் வீட்டுக்காரர் மட்டும்தான். பிறகு தங்கவேல் அண்ணன், அப்புறம் ஜோதி. "போற வண்டிதான, ஏறிக்கங்க" என்று எல்லோரையும் ஏற்றிக்கொண்டவர் அக்காதான்.

வண்டி எடுத்த முதல் வருஷம் ஒருநாள், செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி இழுக்கவே இல்லை. ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் கிழட்டு மாடு மாதிரி முனகியது. பின்னால் டிப்பர் லாரி ஆரன் அடித்தது. அக்கா கண்ணாடியை இறக்கி, "ஏனுங்க, ஏறிப் போறதுன்னா போங்க, நாங்க எல்லாரும் பொறவு எந்திரிச்சு வாறோம்" என்று கத்தினார். எப்படியோ மெக்கானிக் ஷாஜியின் பட்டறை வரைக்கும் ஊர்ந்தே போனோம்.

ஷாஜி பானெட்டைத் திறந்து, கறுப்புப் பெட்டியின் கிளிப்பை எடுத்து, உள்ளேயிருந்து மடிப்பு மடிப்பாக ஒரு காகிதப் பலகையை உருவினார். "சேச்சி, இது ஏர் பில்டரா, தலைகாணியா?" என்றார். நார்த் தூசி அப்படிப் படிந்திருந்தது. எஞ்சினும் நம்மைப் போல மூச்சு விட வேண்டுமாம். மூக்கை அடைத்தால் இழுக்காது, எண்ணெயும் அதிகம் குடிக்கும். அக்கா விடவில்லை. "நான்தான் மாசாமாசம் பஞ்சர் கடையில காத்தடிச்சுச் சுத்தம் பண்றேனே" என்றார். ஷாஜி அந்தக் காகிதத்தை வெயிலுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். மடிப்பில் ஒரு இடத்தில் ஊசி முனையளவு வெளிச்சம். "டயருக்கு அடிக்கற காத்த இதுக்கு அடிச்சா கிழியாம என்ன செய்யும்? இந்த ஓட்டை வழியாத் தூசி நேரா எஞ்சினுக்குள்ள போகுது. அடைஞ்ச பில்டரைவிடக் கிழிஞ்ச பில்டர் மோசம் சேச்சி. அழுக்கானா மாத்துங்க, துவைக்காதீங்க, ஊதாதீங்க."

வண்டியோடு வந்த புத்தகத்தில் எஞ்சின் பில்டரை இருபதாயிரம் கிலோமீட்டரில் மாற்றச் சொல்லியிருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், தூசி ரோடு என்றால் அதற்கு முன்பே என்றும் இருந்தது. நான்தான் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்துச் சொன்னேன். "அது தார் ரோட்டுக்காரன் எழுதுன கணக்கு. நம்ம ரோட்டுக்கு நீ ஒரு கணக்கு எழுது அம்மிணி" என்றார் அக்கா. அன்றைக்குத்தான் வண்டி நோட்டு ஆரம்பித்தது. நாள், கிலோமீட்டர், எந்தப் பில்டர், எதனால் மாற்றினோம் என்று நாலு பத்தி.

எங்கள் ரோட்டில் எஞ்சின் பில்டர் ஐயாயிரம் ஓடினாலே நிறம் மாறிவிடும். எங்கள் ஓட்டத்துக்கு அது ஒரு வருஷம். அக்கா ஒவ்வொரு மாதப் பிறப்புக்கும் அதைக் கழற்றி வெயிலில் பிடிப்பார். மடிப்புகளுக்கு நடுவில் வெளிச்சம் வந்தால் மறுபடி மாட்டுவார், வராவிட்டால் புதுசு.

இன்னொன்று உள்ளே இருக்கும் கேபின் பில்டர். எங்கள் பக்கத்து டிரைவர்கள் ஏசி பில்டர் என்பார்கள். வண்டிக்குள் நாம் மூச்சு விடும் காற்றை வடிகட்டுவது அதுதான். டேஷ்போர்டு டப்பாவுக்குப் பின்னால் இருக்கும். மருந்து, விபூதிப் பொட்டலம், குல்கந்து டப்பா எல்லாவற்றையும் வெளியே எடுத்து, டப்பாவின் இரண்டு பக்கமும் அமுக்கி இறக்கினால் தெரியும். பில்டரின் ஓரத்தில் ஒரு அம்புக்குறி இருக்கும். காற்றுப் போகும் பக்கம் பார்த்து அதை வைக்க வேண்டும். அது அடைத்ததா என்று பார்க்க அக்காவுக்கு ஒரு வழி. ஏசிக் காற்று வரும் ஓட்டையில் பூ கட்டும் வாழைநார் இழை ஒன்றைக் கட்டியிருந்தார். விசிறியை வைத்தால் இழை படபடவென்று ஆட வேண்டும். தொங்கினால் மாற்ற வேண்டும்.

"நங்கை, எனக்கும் வண்டிக்கும் ஒரே வைத்தியந்தான். அங்க ரத்தத்தச் சுத்தம் பண்ற குழாயையும் நர்ஸம்மா பில்டரு பில்டருன்னுதான் சொல்லுது" என்பார் என் வீட்டுக்காரர். எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்று கூப்பிடுவோம். "வண்டி உங்களாட்ட மொனகாது தம்பி" என்பார் அக்கா.

இரண்டாம் வருஷம் ஒருநாள், டயாலிசிஸ் நடுவிலேயே என் வீட்டுக்காரருக்கு ரத்த அழுத்தம் விழுந்துவிட்டது. கதவைச் சாத்தினார்கள். வெளியே நான் மாகாளியம்மனைத் தவிர வேறு யாரைக் கூப்பிடுவேன்? அவர் கண் விழித்தார். அன்று வேண்டிக்கொண்டேன், ஒவ்வொரு வெள்ளியும் அந்த வண்டிக்குள் சாம்பிராணி போடுகிறேன் தாயே, போகும் வழிக்கு நீ துணையாக வா என்று.

அப்படியே செய்தேன். வெள்ளிக்கிழமைகளில் அக்கா கால் மணி நேரம் முன்னாலேயே வண்டியைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் நிறுத்துவார். நான் தூபக்காலை உள்ளே வைத்து, புகை எல்லா மூலைக்கும் போகட்டும் என்று ஏசி விசிறியையும் போட்டு, கதவைச் சாத்திவிடுவேன். பத்து நிமிஷம். முதல் வாரம் புகையைப் பார்த்து அக்கா, "ஏன் அம்மிணி, வண்டிக்கு ஏதாச்சும் பேய் புடிச்சிருச்சா?" என்றார். ஜோதி, "கர்ப்பக்கிரகத்துக்குள்ள உக்காந்து போறாப்புடி இருக்குதுங்க்கா. சாமிதான் தெரிய மாட்டேங்குது" என்றாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆனால் வெள்ளிக்கிழமைகளில் வண்டி கிளம்பியதும் நாலு கண்ணாடிகளையும் இறக்கிவிடுவார். செவ்வாய்க்கிழமை ஏசி போட்டு, கண்ணாடி ஏற்றித்தான் போவோம். வெள்ளி மட்டும் இப்படி. வழியெல்லாம் நார் மில்கள். "அக்கா, தூசி உள்ள வருதுங்க, ஏத்துங்க" என்பேன். "வெள்ளிக்கெழமக் காத்து நல்ல காத்து. செக்போஸ்ட் வரைக்கும் வரட்டும் அம்மிணி" என்பார். என் வீட்டுக்காரர் இருமுவார். வெள்ளிக்கிழமைதான் அதிகம் இருமுவார். அதையும் நான் கவனித்து எழுதி வைத்திருந்தேன்.

போன ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை அவருக்கு இருமல் நிற்கவே இல்லை. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. எல்லோர் முன்னாலும் சொன்னேன். "உங்களாலதான் இவரு இப்பிடி இருமறாரு. உங்க ஊட்டு ஆளா இருந்தா கண்ணாடிய எறக்குவீங்களா?"

அக்கா கண்ணாடியை ஏற்றினார். பொள்ளாச்சி வரைக்கும் ரோட்டை மட்டும் பார்த்தே ஓட்டினார். மறுநாள் மதில் மேல் இரண்டு தட்டு கேட்டது. கீரைக் குழம்புக் கிண்ணம் இருந்தது. அடுத்த வெள்ளி கண்ணாடி மறுபடி இறங்கியது. நான் நோட்டில் எழுதினேன்: "கண்ணாடி இறக்கியதால் தூசி. இருமல்."

ஏசி பில்டரை அக்கா மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டிருந்தார், நான் இல்லாத நேரமாகப் பார்த்து. பிறகு வந்து, "எழுதிக்க அம்மிணி, ஏசி பில்டர் மாத்தியாச்சு" என்பார். "எதனாலுங்க்கா?" என்றால், "நார் மில்லுத் தூசி" என்பார். நானும் அப்படியே எழுதினேன்.

அக்கா போய்ப் பத்து நாள் கழித்துத்தான் நான் மறுபடி வண்டியில் ஏறினேன். செந்தில் வண்டியை எடுத்தான், நான் முன் சீட்டில். விசிறியைப் போட்டான். வாழைநார் இழை ஆடவில்லை. தொங்கியது. டப்பாவுக்குள் புதுப் பில்டர் ஒன்று பிரிக்காத அட்டைப்பெட்டியோடு இருந்தது. அன்று காலை கண்ணாடியைத் துடைத்துவிட்டு அக்கா அதைத்தான் மாட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் நானே டப்பாவை இறக்கி, பழைய பில்டரை வெளியே இழுத்தேன்.

நார்த் தூசி மஞ்சளாக, பொடியாக இருக்கும். தட்டினால் உதிரும். இது காப்பிக் கறுப்பாக, விரலில் பிசினாக ஒட்டியது. முகர்ந்து பார்த்தேன். எங்கள் பூஜை அறையின் வாசம்.

அதைப் பையில் போட்டுக்கொண்டு ஷாஜியிடம் போனேன். அவர் அதை வாங்கவே இல்லை. பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். "இப்ப நீங்களே பாத்துட்டீங்க. நீங்க பொகை போட ஆரம்பிச்ச மொத வருசமே நான் சொன்னேங்க, சாம்பிராணிப் பொகை பில்டர்ல பிசினாட்டம் புடிக்குது, ஏசி போட்டா அந்தப் பொகைதான் திரும்பத் திரும்ப வருது, சீக்காளிக மூச்சு விடறாங்க, உங்ககிட்ட எடுத்துச் சொல்லணும்னு. ருக்குமணிச் சேச்சி கேக்கல."

"என்ன சொன்னாங்க?"

"'பில்டர் கடையில கெடைக்குதுங்க ஷாஜி. அவளுக்கு அந்தப் பொகைய உட்டா வேற புடி எங்க கெடைக்கும்? நான் கண்ணாடிய எறக்கிக்கறேன், பில்டர மாத்திக்கறேன். அவகிட்ட ஒண்ணும் சொல்லிராதீங்க'ன்னாங்க."

பட்டறை வாசலில் ஆயில் டின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

கணக்கில் கெட்டிக்காரி என்று பேர் வாங்கியவள் நான். என் நோட்டிலேயே எல்லாம் இருந்தது. ஒரே ரோடு, ஒரே தூசி. எஞ்சின் பில்டர் ஒரு வருஷம் தாங்குகிறது, ஏசி பில்டர் மூன்று மாதம் தாங்கவில்லை. வேண்டுதல் தொடங்குவதற்கு முன்னால் அதுவும் ஒரு வருஷம் தாங்கியிருக்கிறது. ஏன் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. பொய்யான காரணத்தை அழகான கையெழுத்தில் எழுதி வைத்தேன். உண்மை தெரிந்த அக்காவை எல்லோர் முன்னாலும் ஏசினேன். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வாய் அடைத்திருக்கும். சொல்லவில்லை. என் நம்பிக்கைக்கு ஒரு கீறல் விழக்கூடாது என்று அந்தப் பேச்சையும் வாங்கிக்கொண்டு, கிண்ணத்தையும் கொண்டுவந்து வைத்தார்.

இதைச் சொல்லத்தான் எழுத ஒத்துக்கொண்டேன். வண்டிக்குள் இருந்தவர்கள் முன்னால் அக்காவைக் குறை சொன்னேன். ஊர் முன்னால் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். என் வீட்டுக்காரரின் இருமல் என்னால் வந்தது, அக்காவால் இல்லை.

கருமாதி முடிந்த மறுநாள் நோட்டைத் திறந்து, நார் மில் தூசி என்று இருந்த இடங்களில் ஒவ்வொன்றாகக் கோடு போட்டு, பக்கத்தில் சாம்பிராணி என்று எழுதினேன். அம்மனிடமும் கேட்டுக்கொண்டேன். இப்போது தூபக்காலை வண்டிக்கு வெளியே, நாலு சக்கரத்துக்கும் காட்டிவிட்டு வாசலிலேயே வைத்துவிடுகிறேன். தாய் வெளியே நின்றும் பார்த்துக்கொள்வாள். போன வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர் இருமவில்லை. அந்த அமைதியில்தான் எனக்கு அழுகை வந்தது. கண்ணாடியை இறக்கச் சொன்னேன். எதற்கு என்று செந்தில் கேட்டான். "வெள்ளிக்கெழமக் காத்து" என்றேன். பின் சீட்டில் ஜோதி விம்மினாள்.

அக்கா, புதுப் பில்டரை நானே மாட்டினேன். அம்புக்குறி பார்த்து வைத்தேன். விசிறியைப் போட்டதும் உங்கள் வாழைநார் இழை படபடவென்று ஆடியது. அதை அவிழ்க்கவில்லை. நீங்கள் கட்டிய முடிச்சு அப்படியே இருக்கட்டும். போய் வாருங்கள். மதில் மேல் இரண்டு தட்டுக் கேட்காத சாயந்தரங்களை எப்படிக் கழிப்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

இதைப் படிப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். செந்திலை மில்லில் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். இந்த வெள்ளிக்குப் பிறகு அவன் வர முடியாது. வண்டியை விற்கப்போவதில்லை என்று மச்சாண்டார் சொல்லிவிட்டார். நானும் ஓட்டிப் பழக லைசென்ஸ் ஆபீசில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பழகிவிடுவேன். அதுவரைக்கும் செவ்வாயும் வெள்ளியும் காலை ஐந்தரைக்குப் பொள்ளாச்சி போய் மத்தியானம் திரும்ப, ஓட்டத் தெரிந்த ஒருவர் வேண்டும், ஆணோ பெண்ணோ. பில்டர் வேலை எதுவும் நீங்கள் பார்க்க வேண்டாம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். முடியும் என்றாலும் முடியாது என்றாலும் திங்கட்கிழமை சாயந்தரத்துக்குள் எங்கள் வீட்டில் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமை காலையில் மூன்று பேர் வாசலில் காத்திருப்பார்கள்.